சாரணச் சிறுவரும் மடக்குக்கத்தியும்

வாளும் வேலும் புலவர் பாடலிலும் வரலாற்றாசிரியர் ஏட்டிலும் பெற்ற இடத்தைச் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கத்தி பெற்றதில்லை. அதனால் வென்ற போரும் இல்லை. வீழ்ந்த அரசும் இல்லை. கயிறு அறுத்தல், கனி நறுக்கல், கோல் சீவுதல் ஆகிய எளிய தொழில்களோடு அதன் வாழ்வு முடிந்துவிடுகின்றது. ஆயினும், பத்து அல்லது பதினோர் அகவைச் சிறுவன் கையில் அதனை முதன்முறையாகக் கொடுக்க நேரும்பொழுது, எத்தகைய கத்தி அவனுக்குத் தகும் என்னும் வினா எழுகின்றது. ஒரு தந்தை இவ்வினாவைத் தம் வீட்டளவில் தீர்த்துக்கொள்ளலாம். எண்ணற்ற சிறுவரைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துச் செல்லும் சாரணர் இயக்கம் அவ்வாறு தீர்த்துக்கொள்ள இயலாது. அது விதி வகுத்தாக வேண்டும். அவ்விதிகளும் அவற்றுக்கு ஏற்ற கத்திகளும் நூறாண்டுக்கு மேலாக எவ்வாறு மாறிவந்தன என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

ஆராய்ச்சியில் நாம் கண்ட முடிபினை முதற்கண் கூறிவிடுதல் நலம். சிறுவர் கத்தியைத் தேர்ந்தோர் இரு காப்புகளை நாடினர். கத்தி பிடித்தவன் விரலுக்கு ஊறு நேராமை ஒன்று. அக்கத்தியால் பிறர்க்கு ஊறு நேராமை மற்றொன்று. முன்னதை விரற்காப்பு என்றும், பின்னதை ஊர்க்காப்பு என்றும் ஈண்டு வழங்குவோம். இரண்டும் ஒரே வழியிற் செல்லும் என்றே எவரும் எண்ணுவர். வரலாறு அவ்வாறு காட்டவில்லை. விரலைக் காக்கும் அமைப்பு ஊருக்குத் தீங்கென்று சட்டம் கருதிய நிலையும் ஒரு நாட்டில் ஏற்பட்டது. கத்தியைத் தேர்வோர் இன்று படும் இடர்ப்பாட்டின் வேர் அங்கேதான் உள்ளது.

சொற்களைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ‘சாரணர்’ என்பது தமிழுக்குப் புதுச்சொல் அன்று. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வணங்கும் சமண முனிவர் சாரணர் எனப்படுகின்றனர். பேடன் பவல் ஆண்ட ஆங்கிலச் சொல்லோ, படைக்கு முன் சென்று பகைவர் நிலையை அறிந்து வருவோனைக் குறித்தது. 1899இல் அவர் அப்பொருள்பற்றி வெளியிட்ட நூலும் படைவீரர்க்கென எழுதப்பெற்றதே. அச்சொல்லை ‘ஒற்றர்’ எனப் பெயர்க்காமல் சாரணர் எனக் கொண்டோர் நல்லது செய்தனர். ஒற்றர் பள்ளிக்குத் தம் மக்களை அனுப்பும் பெற்றோர் அருகியே இருந்திருப்பர். ‘பேனாக்கத்தி’ என்பதும் ஆங்கில வழக்கினின்று வந்ததே. பறவையின் இறகைச் சீவி எழுதுகோலாக்கப் பயன்பட்ட சிறு கத்தி, இறகுப்பேனா வழக்கொழிந்த பின்னும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

எழுத்துக்கும் கத்திக்கும் உள்ள இவ்வுறவு தமிழ் மாணவர்க்கு வியப்பளிக்காது. ஓலையை நறுக்கவும் வாரவும் கத்தி இன்றியமையாதது. வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என வழங்கிய வகைகளுள் மடக்கெழுத்தாணி நம் பொருளுக்கு மிக அணித்து. பிடியின் ஒருபால் எழுத்தாணியும் மறுபால் கத்தியும் அமைந்து, வேண்டாதபோது பிடிக்குள் மடங்கிக் கிடக்கும். உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஏட்டுக்கல்வியைப் பேசுமிடத்து எழுத்தாணி வகைகளையும் குறித்துள்ளார். கற்கும் இளைஞன் கையில் மடங்கும் கூர்ங்கருவி ஒன்றைக் கொடுத்து, அதனைக் கையாளும் முறையையும் உடன் கற்பித்த மரபு நமக்கும் இருந்தது என்பதனைச் சுட்டவே இதனை ஈண்டுக் குறித்தோம். சாரணர் கத்திக்கும் இதற்கும் பிறப்புறவு உண்டென்பது நம் கருத்தன்று.

மடங்கும் கத்தி மேலைநாட்டில் மிகத் தொன்மையானது. ஆஸ்திரியாவில் ஆல்சுடாட் என்னுமிடத்து அகழ்வில் கிடைத்த மடக்குக்கத்தி கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டளவினது என்பர். கேம்பிரிட்சில் பிட்சுவில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள உரோமர் காலக் கருவியொன்று வெள்ளியாலும் இரும்பாலும் இயன்றது; கத்தி, கரண்டி, முள்கரண்டி முதலியன ஒரே பிடியில் மடங்குமாறு அமைந்தது. ஏறத்தாழக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டினது. பல கருவிகளை ஒரு பிடியில் அடக்குதல் நம் காலத்துப் புதுமை என்போர் இதனை நோக்குக.

ஆயினும் சட்டைப்பைக் கத்தியை எளியோர் பொருளாக்கியது இங்கிலாந்து நாட்டு ஷெபீல்டு நகரே. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே சாசர் தம் காண்டர்பரிக் கதைகளுள் ஒன்றில் வரும் ஆலைக்காரனிடம் ஷெபீல்டுக் கத்தி இருந்ததாகக் கூறுகின்றார். 1624இல் அந்நகர்க் கத்திக் கொல்லர் தமக்கெனச் சங்கம் ஒன்றைச் சட்டவழி நிறுவிக்கொண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் பிடியின் முதுகில் வில்தகடு ஒன்றைப் பொருத்தும் முறை அங்குப் பரவியது. இவ்வமைப்பைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். பின்வரும் வழக்கெல்லாம் இதனையே பற்றி எழுந்தது.

அலகின் அடிப்பகுதி சதுரமாகத் தேய்க்கப்பட்டிருக்கும். வில்தகடு அதன்மேல் அழுந்தி நிற்கும். விரித்தபோதும் மடித்தபோதும் தட்டையான பக்கம் தகட்டிற் படிவதால் அலகு அவ்வந்நிலையிலே நிற்கின்றது. இது நிறுத்தமேயன்றிப் பூட்டன்று. அலகின் வாயால் ஒன்றை அறுக்கும்போது விசை அலகை மேலும் விரிக்கவே முயலும், ஆதலின் தீங்கில்லை. முனையால் ஒன்றைக் குத்தித் துளைக்கும்போதோ, மரத்திற் சிக்கிய அலகை ஆட்டி எடுக்கும்போதோ, விசை அலகின் முதுகிற் பட்டால் வில்தகடு தோற்கும். அலகு மடங்கும். அது மடங்கும் இடத்தில் இருப்பன பிடியைச் சுற்றிய நான்கு விரல்கள். வளர்ந்தோன் இதனை ஒருமுறை பட்டறிந்து பின்னர் எச்சரிக்கையாக இருப்பான். சிறுவனுக்கு அந்த ஒருமுறையே பெருந்தீங்காக முடிதல் கூடும்.

ஷெபீல்டில் தோன்றி அமெரிக்காவிற் பெரிதும் பரவியது பார்லோ கத்தி. ஒற்றை அல்லது இரட்டை அலகு, பிடியின் தலைப்பில் நீண்ட இரும்புக் கட்டு, மலிந்த விலை ஆகியன அதன் இயல்பு. மார்க் டுவெயின் 1876இல் வெளியிட்ட டாம் சாயர் என்னும் புதினத்தில், மறைநூற் பகுதியை ஒப்பித்த டாமுக்கு அவன் உறவுப்பெண் மேரி பார்லோ கத்தி ஒன்றைப் பரிசளிக்கின்றாள். அக்கத்தி எதையும் அறுக்காது. எனினும் அவன் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. பெற்றவுடன் வீட்டு நிலைப்பேழையைக் கீறிப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றான். சிறுவர் உள்ளத்தை நன்கறிந்த ஆசிரியர் என்பது இதனால் விளங்கும். கத்தி பெறுதல் சிறுவனுக்குக் கருவி பெறுதல் மட்டும் அன்று. தன்னைப் பெரியோர் நம்புகின்றனர் என்பதற்குச் சான்று பெறுதலும் ஆகும். அச்சான்றை மட்டும் கொடுத்துக் கையாளும் முறையைக் கொடாது விட்டால் நிலைப்பேழைதான் முதலில் துன்புறும்.

1907 ஆகஸ்டு முதல் வாரத்தில் பேடன் பவல் பிரவுன்சி தீவில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட சிறுவரைக் கொண்டு பாசறை நடத்தினார். அடுத்த ஆண்டு சனவரி முதல் அவருடைய சிறுவர் சாரணியம் பகுதி பகுதியாக வெளிவந்தது. அக்காலத்துச் சாரணன் படத்தை நோக்கினால் கையில் நெடுங்கோலும் இடைக்கச்சில் உறைக்கத்தியும் காணலாம். மடங்காக் கத்தியைத் தேர்ந்தமை இன்றைய கண்ணுக்கு வியப்பாகத் தோன்றலாம். விரற்காப்பு ஒன்றையே நோக்கின் அது பிழையன்று. மடங்காத அலகு விரல்மேல் மடங்குமாறு இல்லை. தோலுறையில் இருக்கும்வரை அதனால் தீங்கும் இல்லை. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. அது தேவைக்கு மிகவும் பெரியது. ஓடும்போதும் விழும்போதும் இடர் தருவது. எல்லார் கண்ணிலும் படுவது. அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் காப்பு நெறிகள் பெரிய உறைக்கத்தியைத் தவிர்க்குமாறு கூறுவதும் அது கனமானது, தூக்க இடைஞ்சலானது, மீன் துப்புரவு செய்தல் ஒழிந்த பெரும்பாலான பாசறைப் பணிகட்கு வேண்டாதது என்னும் காரணம்பற்றியே. அதனைக் கொலைக்கருவி என்று அவர்கள் கூறவில்லை என்பது கருதற்குரியது.

அமெரிக்க இயக்கம் 1910இல் தோன்றியது; 2025 முதல் புதுப்பெயர் பூண்டு இயங்கி வருகின்றது. தோன்றிய மறு ஆண்டிலேயே, அதாவது 1911இல், வால்டன் என்னும் ஊரிலிருந்த நியூயார்க் கத்திக் கம்பெனி அவ்வியக்கத்திற்கென முறைப்படி ஏற்கப்பெற்ற மடக்குக்கத்தியைச் செய்தளித்தது. பின்னர் ரெமிங்டன், உல்ஸ்டர், கமில்லஸ் முதலிய நிறுவனத்தாரும் செய்தனர். ‘சாரணர் கத்தி’ எனப் பெயர் பெற்று நிலைத்த வடிவம் நான்கு உறுப்புகளை உடையது: ஒரு பேரலகு, தோலில் துளையிடும் துளையூசி, தகரக்குவளை திறக்கும் அலகு, புட்டி மூடி நெம்பவும் திருகாணி முடுக்கவும் ஒருங்கே உதவும் தட்டை அலகு. பிடியின் ஓரத்தில் கயிறு கோக்க ஒரு வளையம். மடித்த நீளம் ஒன்பது சென்டிமீட்டர் அளவு. இவ்வடிவம் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர்க்கும் வழங்கப்பெற்றது. படைவீரன் கருவியைச் சிறுவன் பின்பற்றுவது உலகியல்பு. ஈண்டோ சிறுவன் கத்தி படைவீரன் கைக்குச் சென்றது.

நான்கு உறுப்புகளும் காரணம்பற்றி அமைந்தவை. கூடாரம், கயிறு, தோல்வார், தகரத்தில் அடைத்த உணவு ஆகியவற்றோடு பாசறை வாழ்வு முடிந்த காலத்தில் இவற்றுக்கு மேல் வேண்டியதில்லை. வளையம் மிகச் சிறந்த உறுப்பென்பது நம் கருத்து. சிறுவர் கத்தியால் வெட்டிக்கொள்வதைக் காட்டிலும் அதனைத் தொலைப்பதே மிகுதி. துளையூசி மட்டும் ஐயத்திற்குரியது. துளைத்தல் என்பது அழுத்தித் தள்ளும் தொழில். மேலே கூறிய வில்தகட்டின் குறை அங்கேதான் வெளிப்படும். சுவிசுக் கத்தியில் துளையூசி பிடியின் முதுகில் நடுவே செங்குத்தாக எழுவதால், விசை நேரே உள்ளங்கைக்குச் செல்கின்றது. சாரணர் கத்தியிலோ அது பிடியின் கோடியில் நிற்கின்றது. இவ்வேறுபாட்டைக் கத்தி வாங்குவோர் நோக்குவதில்லை.

சுவிசுக் கத்தியின் வரலாறு பலரும் அறிந்ததாதலின் சுருங்கக் கூறுவோம். காரல் எல்செனர் 1884இல் சுவிட்சர்லாந்து இபாக்கில் கத்திப் பட்டறை நிறுவினார். அந்நாட்டுப் படைவீரர் தம் துப்பாக்கியைக் கழற்றவும் தகரத்தைத் திறக்கவும் ஒரே கருவி வேண்டியிருந்தது. முதற்கத்திகள் செருமானியச் சோலிங்கனிலிருந்து வந்தன. தம் நாட்டுக் கருவியைத் தம் நாட்டாரே செய்தல் வேண்டுமெனக் கருதிய எல்செனர் 1891 முதல் செய்தளித்தார். அலகு, துளையூசி, தகரத்திறப்பான், திருப்புளி ஆகிய நான்கே அதன் உறுப்புகள். சாரணர் கத்தியின் உறுப்புகளோடு ஒப்பிடுக. 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் சிற்றலகும் மதுப்புட்டித் தக்கை கழற்றும் திருகும் சேர்ந்தன. இரண்டே வில்தகடுகள் ஆறு உறுப்புகளைத் தாங்கியமை அவர்தம் தொழில்திறனைக் காட்டும். அக்கத்தியைப் படை வழங்கவில்லை. அதிகாரிகள் தம் பொருள் கொடுத்தே வாங்கினர். பின்னர் உலகெங்கும் சிறுவர்க்குப் பரிசாகச் சென்றது இதுவே. தக்கை திருகியால் பன்னிரண்டு அகவைச் சாரணனுக்கு ஆவது யாது என்று வினவியோர் சிலரே போலும்.

உறுப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் வேட்கைக்கும் முற்காலச் சான்றுண்டு. ஷெபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் 1822இல் அவ்வாண்டின் எண்ணுக்கு ஏற்ப அலகுகள் பூட்டிய ஆண்டுக்கத்தி ஒன்றைச் செய்து தம் திறன் காட்டினர். அது காட்சிக்கன்றிக் கைக்கு உரியதன்று. ஹெர்மன் மெல்வில் தம் மோபி டிக் புதினத்தில் (1851) கப்பல் தச்சனைப் பல கருவிகள் அடங்கிய ஷெபீல்டுக் கத்திக்கு ஒப்பிட்டுள்ளார். அங்காடியில் கத்தியை விற்பது உறுப்பெண்ணிக்கை. பாசறையில் கத்தியைப் பயனுடையதாக்குவது பிடி. உறுப்பு மிகுமளவு பிடி தடிக்கும். தடித்த பிடியைச் சிறு கை முற்றும் பற்றாது. பற்றாத கை நழுவும். இதனால், கருவி மிக்க கத்தியே சிறந்த கத்தி என்னும் கொள்கை சிறுவர்க்குச் சிறிதும் பொருந்தாது என்பது தெளிவு. கூர்வாய் உடைய அலகு ஒன்று, வேண்டின் சிறு இரம்பம் ஒன்று, தட்டையலகு ஒன்று. இவற்றுக்கு மேற்பட்டன பெரும்பாலும் வாங்கித் தருவோர் மகிழ்ச்சிக்கே ஆம்.

இனி விரற்காப்பு வளர்ந்த வரலாற்றை நோக்குவோம். பிரான்சு நாட்டுச் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உழவர்க்கெனக் கத்தி செய்யத் தொடங்கினார். 1897இல் அளவுக்கேற்ப எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளைவு, வேறில்லை. அதில் வில்தகடும் இல்லை. 1955இல் மார்செல் ஒப்பினெல் பிடியின் தலைப்பில் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். அலகை விரித்து வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. மிக எளிய அமைப்பு. எட்டு அகவைச் சிறுவனும் ஒருமுறை காட்டினால் அறிந்துகொள்வான். மேலும், திருகியிருக்கின்றதா இல்லையா என்பதனை ஆசிரியர் சற்றுத் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். பிற பூட்டுகளுக்கு இந்நலம் இல்லை. பின்னர் அந்நிறுவனத்தார் ஏழாம் எண் அளவில் முனை மழுங்க வளைந்த சிறுவர் கத்தியையும் வெளியிட்டனர். அறுக்கும் வாய் உண்டு. குத்தும் முனை இல்லை. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தாரும் சிறுவர்க்கெனச் செய்யும் கத்தி வரிசையில் முனை உருண்ட அலகைச் சேர்த்துள்ளனர்.

முனை மழுக்குதல் இரு காப்புக்கும் ஒருங்கே உதவும் அமைப்பு. வழுக்கும் கையில் தொடையிற் பாயாது. சினங்கொண்ட கையில் பிறர்மேற் பாயாது. இழப்போ சிறிது. கோல் சீவவும் கயிறு அறுக்கவும் காய் நறுக்கவும் முனை வேண்டுவதில்லை. எட்டு முதல் பத்து அகவை வரையினர்க்கு இதனினும் சிறந்ததொன்றை நாம் அறியோம்.

பூட்டு அவ்வாறன்று. ஈண்டுத்தான் முன்னர்க் கூறிய முரண் தோன்றுகின்றது. பிரிட்டனில் 1959ஆம் ஆண்டுச் சட்டம், விசையால் பாய்ந்து விரியும் கத்திகளைச் செய்தலையும் விற்றலையும் தடுத்தது. 1988ஆம் ஆண்டுக் குற்றநீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் கூரிய கருவி வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. ஆயினும், அலகின் வாய் மூன்று அங்குலத்திற்கு மேற்படாத மடக்குச் சட்டைப்பைக் கத்திக்கு அது விலக்களித்தது. ‘மடக்கு’ என்பதற்குப் பொருள் யாது? பூட்டி நிற்கும் அலகு மடங்குமா, மடங்காதா? ஹாரிஸ் வழக்கில் இவ்வினா நீதிமன்றத்தின் முன் வந்தது. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தியைப் பொத்தானோ வேறு விசையோ இயக்கினாலன்றி மடக்க இயலாது. எந்நேரமும் உடனே மடங்குவதே மடக்குக்கத்தி. ஆதலின் பூட்டுக்கத்திக்கு விலக்கில்லை என்று தீர்ப்பாயிற்று. 1998இல் டீகன் வழக்கில் மேல்முறையீட்டு மன்றமும் அதனையே வலியுறுத்தியது.

சொற்பொருள் ஆராய்ச்சி என்னும் அளவில் இத்தீர்ப்பு குறைகூறற்கு இடமற்றது. தெருவில் கத்திக்குத்து மலிந்த நிலையில் ஊர்க்காப்பை நோக்கிச் செய்த சட்டத்தை இறுக்கமாகப் பொருள் கொண்டமையும் இயல்பே. ஆயினும் அதன் விளைவை நோக்குக. விரல்மேல் மடங்கக்கூடிய கத்தி சிறுவன் பையில் காரணம் வினவப்படாமல் இருக்கலாம். விரல்மேல் மடங்காத கத்தி இருத்தலாகாது. சிறுவர்க்கெனவே முனை மழுக்கி வளையப்பூட்டு அமைத்த ஒப்பினெல் ஏழாம் எண்ணின் அலகு எட்டு சென்டிமீட்டர். மூன்று அங்குலமோ ஏறத்தாழ 7.6 சென்டிமீட்டர். பூட்டினாலும் அளவினாலும் அது விலக்கிற்கு அப்பாற்பட்டது. பாசறைக்குச் செல்லுதல் தக்க காரணமே. அன்று கொண்டு செல்லத் தடையில்லை. மறுநாள் பள்ளிவழியில் மறந்து பையிலேயே விட்டுவிட்ட சிறுவன் நிலை யாது? மறதி தக்க காரணம் ஆகுமா என்பது நீதிமன்றங்களிற் பலகால் வழக்காடப்பட்டது.

செருமனி வேறு வழியை மேற்கொண்டது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருகையால் விரித்துப் பூட்டத்தக்க கத்தியையும், பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மடங்காக் கத்தியையும் பொதுவிடத்தில் கொண்டு செல்லுதலையே அந்நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. இரு கையாலும் விரித்துப் பூட்டும் கத்தி இதனுள் அடங்காது. தாக்குவோனுக்கு வேண்டுவது விரைவு. வேலை செய்வோனுக்கு வேண்டுவது உறுதி. பூட்டு உறுதியைத் தருவது. ஒருகை விரிப்பு விரைவைத் தருவது. இவ்விரண்டையும் வேறு பிரித்தறிந்த இந்நெறி பிரிட்டன் நெறியினும் நுண்ணியது என்று கூறுதல் தகும். அதே 2008இல் சுவிசுப் படை ஏற்ற புதிய கத்தி ஒருகையால் விரிவதும் பூட்டுவதும் ஆகும். படைவீரனுக்கு அது பொருந்தும். சாரணச் சிறுவன் அதனைப் பின்பற்ற வேண்டுவதில்லை. அவனுக்கு இரு கையும் ஓய்வாக உள்ளன.

குறடு முதன்மை பெற்ற பல்கருவியின் தோற்றமும் சாரணர் கத்தியோடு தொடர்புடையது. திமதி லெதர்மன் 1975இல் பழைய பியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது அவரிடம் இருந்தது சாரணர் வகைக் கத்தியே. ரொட்டி நறுக்கவும் கார் திருத்தவும் அதுவே உதவிற்று. குறடு ஒன்று இல்லாமையே குறையாக இருந்தது. ஊர் திரும்பிப் பல்லாண்டு முயன்று 1983இல் தம் முதற்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் வழிவந்த கருவிகள் இன்று சாரணர் முகாம்களிலும் காணப்படுகின்றன. கம்பி முறுக்கவும், அடுப்பிலுள்ள சூடான கலத்தைப் பற்றவும், முடிச்சு நெகிழ்க்கவும் குறடு உதவும். ஆனால் அதன் பிடி விளிம்புகள் சிறுவர் உள்ளங்கையை உறுத்தும். பல பல்கருவிகளில் பிடியை விரித்த பின்னரே அலகை எடுத்தல் கூடும். மடக்கும்போது தோல் இடுக்கில் அகப்படுதலும் உண்டு. மரம் சீவுதற்கு அது கத்தியன்று.

அந்நிறுவனத்தார் சிறுவர்க்கென லீப் என்னும் பெயரில் ஒரு கருவியை வெளியிட்டனர். இப்பொழுது அது செய்யப்படுவதில்லை. அதன் புதுமை ஒன்றை இவ்வரலாற்றில் குறித்தல் வேண்டும். குறடும் பிற உறுப்புகளும் பூட்டியே வந்தன. கத்தியலகு மட்டும் பூட்டாமல் தனியே வந்தது. தம் மகன் அல்லது மகள் அதற்குத் தகுதி பெற்றனர் எனப் பெற்றோர் கருதும் நாளில் அதனைப் பொருத்திக் கொடுக்கலாம். எது தகும் என்னும் வினாவோடு எப்பொழுது தகும் என்னும் வினாவையும் ஒரு கருவியின் அமைப்பிலேயே வைத்தது இது. அகவையை விதியாக்கும் சட்டத்தினும் இது அறிவுடையது என்பது நம் துணிபு.

அமெரிக்க இயக்கம் இதனையே பயிற்சியால் செய்து வந்தது. கத்தி, கோடரி, இரம்பம் ஆகியவற்றைக் கையாளக் கற்றுத் தேர்ந்த சிறுவன் ‘டோட்டின் சிப்’ எனப்படும் சிறு அட்டையைப் பெறுகின்றான். நெறி பிறழுந்தோறும் அட்டையின் ஒரு மூலையை வெட்டிவிடுதல் பல குழுக்களில் வழக்கம். நான்கும் போயின் உரிமையும் போம். கையை நீட்டிச் சுற்றினால் எவர்மேலும் படாத வட்டத்துக்குள் இருந்தே கத்தியை விரித்தல், உடலுக்கு அப்பால் சீவுதல், விரித்த கத்தியோடு நடவாமை, மடித்தே பிறர்க்குக் கொடுத்தல் ஆகியன அங்குக் கற்பிக்கப்படும். சிறுவர்க்குக் கத்தியே வேண்டா என்போர்க்கு நாம் கூறும் விடையும் இதுவே. இவற்றைப் பாசறையில் ஆசிரியர் முன் கல்லாதவன், பின்னொரு நாள் அடுக்களையிலோ பட்டறையிலோ எவரும் காணாத இடத்தில் கற்க நேரும்.

எஃகைப் பற்றியும் ஒரு சொல். 1913இல் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி துருவேறா எஃகை உருக்கியபின் கத்தித்தொழில் பெரிதும் மாறியது. பழைய கரியெஃகு எளிதில் கூர்மையேறும். ஈரத்தில் விரைந்து துருப்பிடிக்கும். துருவேறா எஃகு பேணாத கைக்கும் ஏற்றது. சாணையில் சற்று மிகுதியாக உழைக்க வேண்டும். மழுங்கிய கத்தியே கொடிது என்பதைக் கத்தி பழகியோர் அறிவர்; அறுபடாத இடத்தில் அழுத்தம் மிகும், மிக்க அழுத்தம் வழுக்கும். ஆதலின் சிறுவன் தானே தீட்டத்தக்க அலகா என்பதும் தேர்வில் அடங்கும். பல்வெட்டு வாயுடைய அலகைச் சிறுவன் சாணைக்கல்லில் தீட்ட இயலாது. அதனை விலக்குதல் நன்று.

கடையில் கத்தி எடுக்கும்போது எஃகின் பெயரையும் உறுப்பெண்ணையும் பார்ப்பதற்கு முன், அதனைச் சிறுவன் கையிலேயே கொடுத்துப் பார்த்தல் வேண்டும். வில்தகடு வலிதாயின் அவன் நகம் அலகின் பள்ளத்திற் பற்றி இழுக்கும்போது முறியும். நகம் நழுவினால் அலகு பாதியில் திரும்பி வந்து மூடும். பிடியில் சிறிது வெட்டிவிட்டு, அலகை இரு விரலாற் கிள்ளி எடுக்குமாறு அமைத்த கத்திகள் இதற்கெனவே உள்ளன. வளையப்பூட்டுக் கத்தியாயின், மழைக்காலத்து ஈரத்தில் மரப்பிடி ஊதி அலகை இறுகப் பற்றிக்கொள்ளும். பிடியின் வாலை மேசையில் தட்டினால் அலகு சற்று வெளிவரும். அவ்வாறு தட்டி எடுக்கும் முறையைக் கத்தியோடு சேர்த்தே சிறுவனுக்குக் காட்டிவிடுதல் நலம்.